இரண்டு டிகிரி

டர்பனிலிருந்து வந்த மெமரி கார்டில்
ஆயிரத்து நூற்று நாற்பது படம்.
ஒன்றில்கூட ஆள் கிடையாது.
மலை. மலைமேல் நகரும் மேகத்தின் நிழல்.
அலைதாடி தொங்க, வண்டிமாடு கணக்காய்ப் பெருத்த
ஈலண்ட் என்னும் இரலை.
பிறகு இந்தச் சின்னது:
வெள்ளாட்டுக் குட்டி அளவு,
பாறை உச்சியில், குளம்பின் நுனியில் நிற்கிறது.
ஒரு காலுக்கு ஒரு ரூபாய் நாணயம் அளவு இடம் போதும்.
கோப்பின் பெயர் கிளிப்ஸ்பிரிங்கர்.
பில்லில் நான் பாறைமான் என்று எழுதிக்கொண்டேன்.

கீழக்கரையில் கலர் லேப், பத்தொன்பது வருடம்.
நிக்காஹ், சுன்னத்து, பாஸ்போர்ட் அளவில் எட்டு,
ஜெட்டியில் சீலா மீனைத் தூக்கிப் பிடித்த பையன்கள்.
எந்தப் படம் வந்தாலும் முதலில்
பின்னால் கடலைத் தேடுவேன்.
சரிந்திருந்தால் நிமிர்த்துவேன்.
அவ்வளவுதான் என் தொழில். மற்றதெல்லாம்
முகத்தை வெளுப்பாக்குவது.

மலைக்கு அந்தக் கோடு இல்லை.
நான் பார்த்த உயரங்கள்
கலங்கரை விளக்கம்,
வாலிநோக்கத்தில் தார்ப்பாய் போர்த்திய உப்புக் குவியல்,
காற்றில்லாத நாளில் பனை.
ஒரு மலை நேராக நிற்கிறதா என்று
எதை வைத்துச் சொல்வது?

நானூற்றுப் பன்னிரண்டாவது படத்தில்
ஓர் அணை அகப்பட்டது.
நீர்.
வலப்பக்கம் வழிந்துவிடுவதுபோல் சாய்ந்து கிடந்தது.
அளந்தேன்: இரண்டு டிகிரி.
அடுத்ததில் ஒரு வேலிக் கம்பம், இரண்டு டிகிரி.
தூரத்தில் செங்குத்தாய் இறங்கியிருக்க வேண்டிய மழை,
அதுவும் இரண்டு.
இத்தனை செலவழித்துப் போனவருக்குக்
கேமரா பிடிக்கத் தெரியவில்லை என்று
மொத்தத்தையும் ஒரே கட்டளையில் நிமிர்த்தினேன்.
நிமிர்த்தினால் மூலைகள் வெட்டுப்படும்.
மூலையில் என்ன இருக்கப் போகிறது,
புல்.

ஆறடிப் படம், புது வீட்டுக் கூடத்துக்கு.
சீனி இபுராகீமுக்காகச் சரிபார்க்க வந்தவர்
அவர் மனைவி ராவியத்து,
கையில் தச்சர் கிறுக்கிக் கொடுத்த சுவரின் அளவு.
திரையில் பாறைமான். பின்னால்
நீலத்தில் சேராத, சாம்பலிலும் சேராத மலை.
வெகுநேரம் பார்த்தார்.
"அவங்க எடுத்ததா இது?"
அவர் அனுப்பியதுதான் என்றேன்.
"அவங்க எடுத்த மாதிரி இல்லையே."
கலரைச் சொல்கிறீர்களா, வெளிச்சத்தையா?
பேசாமல் தன் போனை நீட்டினார்.
பிள்ளையின் ஆண்டுவிழா. அப்பா தீவு. மதில்மேல் பூனை.
எல்லாம் வலப்பக்கம் சரிந்திருந்தன.
கடலும்.

"பதினோரு வயசுல வத்தை கவுந்து இடது கால் ஒடிஞ்சது.
அந்தக் கால் கட்டை.
செருப்புக்கு அடியில தோல் வச்சுத் தச்சுத்தான் நடப்பாங்க.
படம் எடுக்கையில மட்டும்
செருப்பைக் கழட்டிருவாங்க.
வெறுங்கால்ல நின்னாத்தான் கை ஆடாதாம்."

எண்ணைத் திரும்பத் தட்டினேன்.
மலை சாய்ந்தது.
வெட்டுப்பட்ட மூலையும் கூடவே வந்தது.
புல் இல்லை.
பாறைக்குக் கீழே இன்னொரு பாறைமான், பாதி உருவம்:
ஒரு காது, பெரிய கண்,
எதையோ மென்றபடி.
உச்சியில் நின்றது
யாருக்காக நின்றதோ அது.

ராவியத்து ஒன்றும் சொல்லவில்லை.
முன்பணத்தை எண்ணி வைத்துவிட்டு
சுவரளவுத் தாளை மடித்துப் பையில் போட்டார்,
பிறகு நினைவு வந்து எடுத்து என்னிடம் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் ஜெட்டியில்
இடது செருப்பை மட்டும் கழற்றிவிட்டு நின்றேன்.
போனை உயர்த்தினேன்.
பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்
"என்ன, முள்ளா?" என்றார்.

செவ்வாய்க்கிழமை தச்சர் கூப்பிட்டார்.
"அண்ணே, சட்டம் நேரா இருக்கு.
உள்ளே படம் கோணலா இருக்கே, ஆணி அடிக்கவா?"

அடிங்க என்றேன்.