நான்காம் வேற்றுமை

புதன்கிழமை கிளினிக்.
அம்பாறை ஆஸ்பத்திரி, பதினாலாம் அறை.
மூன்று கதிரை:
ஒன்று டொக்டருக்கு, ஒன்று நோய்க்கு,
நடுவில் போட்டது எனக்கு.

விதி ஒன்றுதான்.
'அவர் சொல்கிறார்' என்று சொல்லக்கூடாது.
பொத்துவில்காரி "எனக்கு நித்திரையில்ல" என்றால்
நானும் 'எனக்கு' என்றே சொல்ல வேண்டும், சிங்களத்தில்.
ஆக, காலை ஒன்பதிலிருந்து
எனக்கு நித்திரை இல்லை,
பக்கத்து வீட்டார் என் கிணற்றில் ஏதோ போட்டுவிட்டார்கள்,
கடலுக்குள் நடந்தேன், இடுப்பளவில் திரும்பி வந்தேன்,
என் மகனைத் தூக்க எனக்குப் பிடிக்கவில்லை.
பதினொன்றரைக்கு ஒரு பிளேன்டீ.
குடிப்பது யாரென்று
பிஸ்கட்டைக் கடிக்கும்வரை சந்தேகம்.

'அந்தரம்' என்ற சொல்லில்
இன்றுவரை முட்டுப்படுகிறேன்.
"அந்தரமா இருக்கு மிஸ்" என்பார்கள், எல்லோரும்.
அவசரம் என்று மாற்றினால் டொக்டர் மணிக்கூட்டைப் பார்ப்பார்.
பதற்றம் என்று மாற்றினால் குளிசை கூடும்.
கால் நிலத்தில் படாமல், கை எதையும் பிடிக்காமல் தொங்குவதை
எந்த மொழியில் இறக்கி வைப்பது?

இறக்காமம் பள்ளிக்கூடத்தில் தாஹிர் சேர்
நான்காம் வேற்றுமைக்குப் பொருள் எழுதிப்போட்டார்:
கொடை, பகை, முறை, இன்னும் சில.
கவலை அந்தப் பட்டியலில் இல்லை.
ஆனால் பாருங்கள்,
நடக்கிறது நான், சமைக்கிறது நான்,
பயம் வந்தால் மட்டும் எனக்கு.
வெட்கம் எனக்கு. விசர் எனக்கு.
செய்கிற இடத்தில் நிமிர்ந்து நின்ற நான்
வாங்குகிற இடத்தில் கையேந்தி,
வாலில் ஒரு 'கு'வை ஒட்டிக்கொண்டு.
சிங்களத்திலும் இதே கதைதான்:
மம நடக்கும், மட்ட வலிக்கும்.
இவ்வளவு சண்டை பிடித்த இரண்டு மொழியும்
இந்த ஓரிடத்தில் ஒரே மாதிரிக் குனிகின்றன.

போன புதன்,
கச்சான் காற்று ஜன்னலை அடித்துக்கொண்டிருக்க
கோமாரியிலிருந்து தயாபரன் வந்தார்.
அரிசி ஆலையில் மூட்டை தைப்பவர்.
சேட்டின் மேல் பொத்தானும் பூட்டியிருந்தது.
அவர் 'எனக்கு' என்று தொடங்கவில்லை.
"நான் செத்துப்போனன்" என்றார்.
"சாப்பிடுறன், வேலைக்குப் போறன். எண்டாலும் செத்துத்தான்."
நான் வாய் திறந்தேன்:
மம மெரிலா.
டொக்டர் நிமிர்ந்து பார்த்தது என்னை.
எப்போதிலிருந்து?

அதைத் தமிழில் கேட்பது என் வேலை.
கேட்கவில்லை.
"பெபரவாரி எகொளஹ" என்றது
என் தொண்டையில் இருந்த சிங்களம்.

அன்றுதான் கொழும்பு பஸ் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தது.
அதில் ஏறிய என் வீட்டுக்காரர் சேரவில்லை.
போன் அடித்தது, பிறகு அடிக்கவில்லை.
பொலிஸில், பள்ளிவாசலில், மாமி வீட்டில்
நான் அழவில்லை.
விவரம் சொன்னேன்.

டொக்டர் கொப்பியில் எழுதினார்:
தயாபரன், முப்பத்தெட்டு, 11.02 முதல்.
நீல மை.
நான் திருத்தவில்லை.

மறுகா, மருந்து ஜன்னலடியில் வரிசையில் நின்றவர்
கொப்பியை விரித்துக் கூப்பிட்டார்.
"மிஸ், எனக்குச் சிங்களம் கொஞ்சம் விளங்கும்.
நான் திகதி ஒண்டும் சொல்லல்லையே."
"என்ட பிழைதான். வாங்க, வெட்டுவிக்கிறன்."
காற்று தாளைப் புரட்டப் பார்த்தது.
பெருவிரலால் அமத்தினார்.
"வேணாம். எனக்கெண்டு ஒரு நாள் இல்லாமத்தான் இருந்த.
இது கிடக்கட்டும்."

இரண்டு பத்து பஸ்ஸில் போனார்,
என்னுடைய ஒரு நாளைச் சேட்டுப் பையில் மடித்து.
இரவு எட்டுக்கு அரைக் குளிசை,
சாப்பாட்டுக்குப் பின்.

இறக்காமத்தில் எட்டு மணிக்கு
சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு
நித்திரை வருகிறதா என்று பார்த்தேன்.
வந்தது.
யாருக்கு என்று கேட்க
நடுக்கதிரையில் ஆளில்லை.