அளவுகோல் தெரியும்படி

"அளவுகோல் தெரியும்படி எடுங்கள்" என்றார்
வக்கீல் பெட்ரிச்.
"தேதியும் தெரியட்டும்.
வெளிச்சம் எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து."

அதனால் தினமும் காலை ஏழே காலுக்கு
டுலூத்தின் பனி அப்பிய சமையலறைச் சன்னலருகே
ஆர்டிஸ் இரவுச்சட்டையை
இடத்தோளிலிருந்து இறக்குவாள்.
மரப்பட்டறையில் கிடந்த அளவுகோலை
எலும்போரம் வைத்துப் பிடிப்பேன்.
இரும்பு சில்லிட்டு ஒருமுறை சிலிர்ப்பாள்.
மணமாகி இருபத்தாறு வருடம்.
இந்த முதுகை இவ்வளவு உற்று
நான் பார்த்ததே இல்லை.
தோளுக்குக் கீழே ஒரு மச்சம் இருப்பது
லாரிக் கம்பெனியின் காப்பீட்டால்தான்
எனக்குத் தெரியவந்தது.

முதல் நாள் கருநீலம், நாலரை அங்குலம்.
மூன்றாம் நாள் கத்தரிப்பூ.
ஆறாம் நாள் ஓரங்களில் பாசி படர்ந்தது.
பதிமூன்றில் உதிரப்போகும் இலையின் மஞ்சள்.
ஒரு காலையில் அது அழகாகக்கூட இருந்தது.
அதை எழுதவில்லை.

விபத்தைச் சொல்ல நாலு வரி போதும்.
கடைசிப் பையனை இறக்கிவிட்டிருந்தாள்,
பள்ளிப் பேருந்து காலி.
சந்திப்பில் நிற்க வேண்டிய சரளைக்கல் லாரி
நிற்காமல் பக்கவாட்டில் வந்தது.
மீதியெல்லாம் ஆவணம்:
பனிக்காலணி வாங்கிய பெட்டி நிறைய.
ஆம்புலன்ஸ் பில்,
தீர்ந்த மாத்திரைப் புட்டிகள்,
நாலு டாலர் நாலு டாலராக வண்டி நிறுத்திய ரசீதுகள்,
எலும்பு மருத்துவரிடம் போய்வர முப்பத்தெட்டு மைல்,
இதுவரை பதினேழு தடவை.
அவசரப் பிரிவில் கத்தரிக்கோல் போட்ட கோட்
அலமாரியில், காகிதப் பைக்குள்.
"துவைத்துவிடாதீர்கள்,"
பெட்ரிச் இரண்டு முறை சொல்லிவிட்டார்.
கறையென்றால் ராத்தூக்கம் கெடுகிறவள்
அலமாரியைத் திறக்கும்போதெல்லாம்
வேறு பக்கம் பார்க்கிறாள்.

அவள் இடக்கைக்காரி என்பதால்
நோட்டுப் புத்தகம் என் பொறுப்பு.
வலி: பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு.
இன்று முடியாமல் போனவை:
தலை பின்ன. ஜாடி மூடி திறக்க.
நாயின் கழுத்துப்பட்டையை மாட்ட.
தும்ம.

ஒரு நாள் "எட்டு" என்று எழுதினேன்.
காபிக் கோப்பையை எடுக்கும்போது
அவள் உதடு வெளுத்ததைப் பார்த்திருந்தேன்.
பேனாவைப் பிடுங்கி, பழகாத வலக்கையால்
என் எட்டின் மேல் ஒரு கோடு இழுத்தாள்.
ஒரே கோடு. அழிக்கக் கூடாது என்பது விதி.
பக்கத்தில் "ஆறு".
அதற்குக் கீழே, மழலைக் கிறுக்கலாய், கையெழுத்து.
"லைலைப் பெற்றபோதுதான் எட்டு," என்றாள்.
"அதை எதற்கு ஒரு லாரிக்குக் கொடுக்கிறாய்?"

அறுபத்தோராம் நாள்
நிறமெல்லாம் போய்விட்டது.
அளவுகோல் வெறும் தோலை அளந்தது.
படத்தைப் பார்க்கிறவன் சொல்வான்:
நல்ல முதுகு, இதற்கென்ன?

அன்றிரவு விழித்தபோது
பக்கத்துத் தலையணை குளிர்ந்திருந்தது.
கூடத்தில், விளக்கில்லாமல்,
சாய்வில்லாத மர நாற்காலியில்
நிமிர்ந்து உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.
வெளியே பனி வாரும் வண்டி.
அதன் சுழல்விளக்கு மஞ்சளாக
அவள் முகத்துக்கு வந்துவந்து போனது.
கைபேசி என் கையில்தான் இருந்தது.
வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்துதான் வந்தது.
எடுக்கவில்லை.

காலையில் எழுதினேன்:
"இரவு 3.10. நாற்காலி.
எத்தனையாவது இரவு, தெரியாது.
நான் கேட்டதில்லை."

பெட்ரிச் போன் செய்தார்.
அந்த ஒரு பக்கத்தைத் திரும்பப் படித்துக் காட்டிவிட்டு,
"இப்படி எத்தனை இரவு?" என்றார்.
போனைக் கையால் பொத்திக்கொண்டு
ஆர்டிஸிடம் கேட்டேன்.

அவள் பதில் சொல்லவில்லை.
வலக்கையை மேசைமேல் வைத்து
எண்ணத் தொடங்கினாள்.
சுண்டுவிரல்வரை போய்,
மறுபடி கட்டைவிரலிலிருந்து,
மறுபடி.