கீழ்த்தாழ்ப்பாள்

துணி காயப்போடப் பின்பக்கம் வந்தேன்.
தஸ்வின் கதவைச் சாத்தினான்.
இரண்டரை வயது.
மேல்தாழ்ப்பாளுக்கு அவன் இன்னும் வளரவில்லை.
கீழ்த்தாழ்ப்பாளுக்குப் போன மாதம்தான்
தேங்காயெண்ணெய் விட்டு இலகுவாக்கியிருந்தோம்.

சத்துவாச்சாரி, மே மாதம், பதினொன்றரை மணி.
செருப்பு உள்ளே. போன் உள்ளே.
குக்கரில் பருப்பு உள்ளே.
ஈர நைட்டியை மடித்துப் போட்டு அதன்மேல் நின்றேன்.
காலடியிலேயே காய்ந்துவிட்டது.

"திறடா கண்ணா."
"மாத்தேன்."
"சாக்லேட் தரேன்."
"காட்டு."
காட்ட என்னிடம் இருந்தவை
நான்கு கிளிப்பும் ஒரு யூனிபார்ம் சட்டையும்.

முதல் விசில்.

கதவுக்கும் தரைக்கும் நடுவே ஒரு விரல் சந்து.
பல்லி வருது, ஒரு கட்டை அடிங்க என்று
மூன்று வருடமாகச் சொல்கிறேன்.
அடிக்காத புண்ணியவான் நன்றாக இருக்கட்டும்.
குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தேன்.
ஒரு சின்னக் கட்டைவிரல், அதில் மை.
மை எங்கிருந்து வந்தது என்று
கேட்கும் நிலையில் நான் இல்லை.

அப்புறம் சந்து வழியே தபால் வர ஆரம்பித்தது.
பாதி பிஸ்கட்.
கரண்ட் அட்டை.
வீட்டுக்காரரின் ராணிப்பேட்டை ஷூ கம்பெனி அடையாள அட்டை:
காலையில் பீரோவைக் கவிழ்த்துத் தேடிவிட்டு
என்னைத் திட்டிக்கொண்டே பஸ் ஏறினார்.

இரண்டு. மூன்று.
மூன்றில் அணைக்க வேண்டும்.

அடுத்து வந்தது
தலையணைப் பஞ்சு ஒட்டிய ஒரு பொட்டுத் தங்கம்.
என் கம்மல் திருகாணி.

பொங்கலுக்கு வந்து இரண்டு நாள் தங்கினார்
வீட்டுக்காரரின் அக்கா, குடியாத்தம் ரேணுகா அண்ணி.
கிளம்பிய மறுநாள் இதைக் காணோம்.
நான் யாரையும் எதுவும் சொல்லவில்லை.
"வந்தது யாரு, போனது யாரு"
என்று மட்டும் சொன்னேன், இரண்டு தடவை.
பாலாற்றில் தண்ணீர் ஓடாவிட்டாலும் பேச்சு ஓடும்.
பாலம் தாண்டிப் போய்ச் சேர்ந்துவிட்டது.
மகள் சடங்குக்கு அண்ணி
பத்திரிகையைத் தபாலில் அனுப்பினார்.
மொய்யை நாங்கள் ஜிபேயில் அனுப்பினோம்.

நான்கு. ஐந்து.
நான் கத்திய கத்தலில்
எதிர்மாடியில் மிளகாய் உலர்த்திக்கொண்டிருந்த
ஷாகிரா அக்கா நிமிர்ந்தார்.
நான்கு பையன்களைப் பெற்றவர்.
"இன்னாத்துக்கு அலறினுகீறே?
சிலிண்டரு உன் பக்கத்துலதானே கீது!"

ஆமாம்.
சுவரில் ஓட்டை போட்டு ட்யூபை உள்ளே விட்டு
சிலிண்டர் வெளியே, சிவப்பாக,
என் இடுப்புக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தது.
திருகினேன்.
ஆறாவது விசில் பாதியில் இறங்கிப்போனது.

"தொறன்னா எந்தப் பையன் தொறப்பான்?
தொறக்காதேன்னு சொல்லு."

"டேய், திறக்காதே.
அம்மா இங்கேயே இருக்கப்போறேன்.
இங்கே ஜாலியா இருக்கு."

சத்தமே இல்லை.
தாழ்ப்பாள் ஒருமுறை முனகியது. மறுபடி.
பிறகு விட்டது.
ஜட்டி இல்லாமல், என் செருப்புகளைப் போட்டுக்கொண்டு
"நானும்" என்று நின்றான்.

அடிக்கக் கை ஓங்கினேன்.
திருகாணி அந்தக் கைக்குள்தான் இருந்தது.

போனை எடுத்தேன். வைத்தேன்.
தண்ணீர் குடித்தேன். எடுத்தேன்.
குடியாத்தத்தில் மணி அடித்தது.
"அண்ணி..."
அதற்குமேல் வரவில்லை.
"பருப்பு தீஞ்சிருச்சு" என்றேன்.

அந்தப் பக்கம் விசைத்தறிச் சத்தம் மட்டும்.
நிறைய நேரம்.
பிறகு, "புளித்தண்ணி ஊத்தி ஊற வை" என்றார்.
"உடனே தேய்க்காதே, பாத்திரம் பாழாப்போகும்."

"அண்ணி, அந்தத் திருகாணி" என்று
நான் வாய் திறக்கவும்
பாத்ரூம் பக்கம்
தாழ்ப்பாள் விழவும் சரியாக இருந்தது.