டேமேஜ், ஷார்ட்டேஜ்

கொழிஞ்சாம்பாறை முட்டைக் கிடங்கில்
என் பேரேட்டில் இரண்டே கட்டம்.
டேமேஜ்.
ஷார்ட்டேஜ்.

உடைந்தது டேமேஜ்.
எடுத்துக் காட்டலாம்:
ஓடு, வழிந்த கரு, நனைந்த அட்டை,
அதற்குள் வந்துவிட்ட ஈ.
பண்ணைக் கணக்கில் எழுதிவிடுவேன்.
சுமை இறக்கும் ஷாஜகான் "பொட்டி" என்பான்.
பொள்ளாச்சியிலிருந்து வந்த முதல் வாரம்
எந்தப் பெட்டி என்று தேடியிருக்கிறேன்.

காணாதது ஷார்ட்டேஜ்.
உடம்பு கிடையாது. நாற்றம் கிடையாது.
முப்பது குழி அட்டையில்
ஒரு குழி சும்மா இருக்கும்,
அவ்வளவுதான்.
அது டிரைவர் சம்பளத்தில் பிடிக்கப்படும்.

போன செவ்வாய் நாமக்கல் லாரியில்
ஒரு அட்டை முழுசாகக் குறைந்தது.
வேலந்தாவளத்தில் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார்களாம்.
யார் சொன்னது, யார் இறக்கியது
என்று செங்கோடன் வாய் திறக்கவில்லை.
ஷார்ட்டேஜ் முப்பது என்று எழுதப்போனேன்.
"வெள்ளிக்கிழமை வரைக்கும் பேனாவ மூடி வைங்க" என்றார்.

ரேஷன் கார்டில்
என் வீட்டுக்காரர் பெயர் இன்னும் இருக்கிறது.
திருப்பூருக்கு என்று பஸ் ஏறி நாலு வருஷம்.
செத்திருந்தால் ஒரு சர்ட்டிபிகேட்.
சண்டை போட்டிருந்தால் ஒரு உடைந்த தட்டாவது.
ஒன்றும் இல்லை.
கொடியில் அவர் துண்டு காயும் இடத்தில்
கொடி மட்டும் இருக்கிறது.
யார் சம்பளத்தில் பிடிக்கிறார்கள்
என்பது எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை
செங்கோடன் மேசைமேல் ஒரு கேரி பேக்கைக் கவிழ்த்தார்.
ஓடுகள்.
"எழுதுங்க. டேமேஜ்."

பாதி ஓட்டில் மிளகுத்தூள்.
ஒன்றில் வெங்காயம் ஒட்டிக் கருகியிருந்தது.
நாலைந்து, அவித்து உரித்தவை;
அவை தோலோடு சேர்ந்து
சின்னச் சின்ன சில்லாகத்தான் உடையும்,
எந்தக் குழந்தைக்கும் தெரியும்.
ஒன்று லேசான பச்சை.
வாத்து.

"எந்தக் கடை ஆம்லெட்?" என்று கேட்டேன்.
"மூணு கடைங்க" என்றார்,
காதுவரை சிவந்து.

எண்ணினேன்.
அவருக்கு எதிரிலேயே, ஒவ்வொன்றாய்,
இரண்டு பாதியைச் சேர்த்து வைத்து.
முப்பத்தொன்று வந்தது.

டேமேஜ் கட்டத்தில் முப்பது என்று எழுதினேன்.
ஷார்ட்டேஜில் ஒரு கோடு இழுத்தேன்.
ஷாஜகான் எட்டிப் பார்த்து
"பொட்டி" என்றான், சிரிக்காமல்.

வாத்து முட்டை ஓட்டுக்குக் கட்டம் இல்லை.
இழுப்பறையில் குண்டூசி டப்பா பக்கத்தில் கிடக்கிறது.
நேற்று கை பட்டு
இன்னும் கொஞ்சம் உடைந்தது.