வாங்கி

வுவாங்கி என்று பெயர் எழுதிக் கொடுத்தேன்.
கண்டனூர்ப் பிள்ளைகள்
முதல் எழுத்தைத் தின்றுவிட்டார்கள்.
இப்போது நான் வாங்கி.
வாங்கி சிஸ்டர் வர்றாங்க, வாங்கி சிஸ்டர் போறாங்க.
எங்கள் மொழியில் அதற்குப் பவளம் என்று பொருள்
என்றேன் ஒருநாள்.
"எங்க சின்னாத்தா பேரும் பவளம்தான்"
என்றாள் பால் ஊற்றும் ராக்கு.
"கடன் வாங்கியே செத்துச்சு."

ஐந்தரைக்குச் செபம். ஆறுக்குத் தண்ணீர் லாரி.
சில நாள் லாரி முந்திக்கொள்ளும்.
கடவுள் காத்திருப்பார், டிரைவர் காத்திருக்க மாட்டார்.
மடகாஸ்கருக்கு எழுதும் மாதக் கடிதத்தில்
இதை நான் சேர்ப்பதில்லை.

சமையல்கார லூர்துக்கு என்மேல் வருத்தம்.
பானையின் அடியில் காந்திப்போன சோற்றில்
தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்துக் குடிக்கிறேனாம்.
"சோத்துக்கா பஞ்சம் இங்க?"
பஞ்சமில்லை, லூர்து.
சாப்பாடு முடிந்ததும் என் அம்மா
எல்லார் குவளையிலும் ஊற்றுவது இதைத்தான்.
கல்பாசி மணக்கும் உன் குழம்புக்குப் பிறகு
என் நாக்கு தனக்கென்று கேட்பது
இந்தக் கருகல் ஒன்றைத்தான்.
இவ்வளவுக்கும் என் தமிழ் போதாது.
"பிடிக்கும்" என்றேன்.
மறுநாளிலிருந்து அவள்
வேண்டுமென்றே அடிப்பிடிக்க விடுகிறாள்.

சிவகங்கையில், பதிவுப் புதுப்பிப்புக்கு
மூன்று மணிநேரம் பெஞ்சு.
"மதம் மாத்தவா வந்தீங்க?"
தலை நிமிராமல் கேட்டார்.
"மாத்திரை" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
இன்னொரு ஜெராக்ஸ் கேட்டார்.

சேவுகனுக்கு இருபத்தாறு வயது. எனக்கும்.
பூட்டிக் கிடந்த வீடுகளைப் பிரித்து
பர்மாத் தேக்கைக் காரைக்குடிக் கடைகளுக்கு ஏற்றுகிறவன்.
தூசி என்று நினைத்தே
நான்கு மாதம் காசநோயை இருமியிருக்கிறான்.
ஐம்பத்தேழு நாள் ஒழுங்காக விழுங்கினான்.
பிறகு, சிறுநீர் ஆரஞ்சாகப் போவதைப் பார்த்து
கூட்டாளிகள் சிரித்தார்களாம்.
பாதி பிரித்த வீட்டின் இரண்டாங்கட்டில்
கதவின் தாழ்ப்பாள் துளைக்குள்
பதினோரு நாள் மாத்திரைகளைக் கண்டெடுத்தேன்.

திட்டத் தேடினால்
நான் படித்த புத்தகத்தில்
தயவுசெய்து, நன்றி, ஆண்டவர் உங்களோடு இருப்பாராக.
ஆகவே என் மொழியிலேயே திட்டினேன்,
சந்தையில் என் அத்தை மீன்காரனைத் திட்டும் குரலில்,
கழுத்துச் சிலுவை ஆட ஆட.
தலை குனிந்து கேட்டான்.
"முடிஞ்சுதா சிஸ்டர்? தண்ணி குடுங்க" என்றான்.

பிரெஞ்சில் 'நாம்' ஒன்றுதான்.
என் மொழியில், தமிழைப் போலவே, இரண்டு:
கேட்பவரைச் சேர்த்து ஒன்று, விலக்கி ஒன்று.
தெரிந்தும் தவறினேன்.
நான் முதலில் மனப்பாடம் செய்த தமிழ்
'எங்கள் தந்தையே'.
அதே வாயால்
எங்கள் தெரு, எங்கள் மருந்து, எங்கள் மழை.
ராக்கு பால்செம்பைக் கீழே வைத்தாள்.
"எங்கள் மழையா?
அப்ப நான் எங்கிட்டுப் போனேன்?"

போன மாதம் தம்பிக்குக் கல்யாணம்.
சிக்னல் கிடைக்கும் ஒரே இடம்
மொட்டைமாடித் தொட்டியின் மேல்.
ஏறி உட்கார்ந்து பார்த்தேன்.
அங்கே இன்னும் காலை.
மாமாக்கள் மாறி மாறிப் பேசினார்கள்,
யாரோ தொப்பியைத் தேடினார்கள்,
பின்னால் அந்த மேட்டுநிலக் குளிரின் வெளிச்சம்.
இங்கே சிமென்டு தொடையைச் சுட்டது.
அம்மா போனை முகத்தருகே கொண்டுவந்து
என்னைக் கூப்பிட வாய் திறந்தாள்.
"வு—"
படம் உறைந்தது.

கீழே தெருவில் யாரோ கத்தினார்கள்,
"வாங்கி சிஸ்டர்! லாரி!"

உறைந்த வாயை
இன்னும் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு இறங்கினேன்.
வரிசையில் என் குடத்தை
யாரோ ஏற்கனவே வைத்திருந்தார்கள்,
நான்காவதாக.