மூன்று தசம இடங்கள்

கோத்தகிரியில் கரண்ட் போய் ஒரு மணி நேரம்.
மடிக்கணினியின் அடிவயிற்றுச் சூட்டில்
விரல்களை மாற்றி மாற்றி வைத்தபடி
பி-மதிப்புகளுக்கு அளவெடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நிரல் துப்புவது 0.03127748816.
போஜன் சார் கேட்பது 0.031,
பக்கத்தில் ஒரு நட்சத்திரம்.
ஒன்பது வரியில் ஒரு சார்பு எழுதினேன்:
ஐந்து விழுக்காடு வரை ஒரு நட்சத்திரம்,
ஒன்று வரை இரண்டு.
வெறும் பூஜ்யத்தை மட்டும் அச்சிடாதே என்று
தனியாக ஒரு வரி.
நடக்கவே நடக்காது என்று சொல்ல
நமக்கு ஏது வாய்?
0.001-க்கும் கீழே. அவ்வளவுதான்.

உறைபனிக்கு எதிராக இருபத்துநான்கு தேயிலைப் பாத்திகள்.
வலை விரித்தவை, தழை மூடியவை,
விடியுமுன் தண்ணீர் தெளித்தவை,
சும்மா விட்டவை.
பதினேழாம் பாத்தியில் எண்ணே இல்லை.
ஆல்ராஜின் நோட்டில்,
‘காட்டெருமை படுத்திருந்தது.
எழுப்பவில்லை.’
அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போடச் சொன்னேன்.
கோடு போதவில்லை,
எருமை பெரியது.

தண்ணீரின் வரிசையில் வந்தது 0.0504.

சுருக்கிவிட்டு ஒப்பிட்டால் 0.050, நட்சத்திரம் உண்டு.
ஒப்பிட்டுவிட்டுச் சுருக்கினால் இல்லை.
இரண்டு வரிகள்.
எது மேலே, எது கீழே என்பதுதான் வித்தியாசம்.
யாரும் பார்க்கப்போவதில்லை.

மார்கழி முழுக்க மூன்றரை மணிக்கு எழுந்து
குழாயைத் திறந்தவள் கெப்பி.
ஒருநாள் குழாய்க்குள்ளேயே தண்ணீர் உறைந்து நிற்க,
அடுப்புச் சாம்பலைச் சூடாக அள்ளிவந்து பூசினாள்.
வெடித்த விரலை வாயில் வைத்துக்கொண்டு
நேற்றும் கேட்டாள்:
“தண்ணி ஊத்துனது பலிச்சுதா?”

மேல் வரியைக் கீழே இழுத்தேன்.
மறுபடி மேலே.
பேட்டரியும் ஐந்து விழுக்காடு என்கிறது,
இந்த எண்ணுக்கு இன்று என்னை விட மனமில்லை.

முதலில் ஒப்பிடு. பிறகு சுருக்கு.
அதோடு சார்பில் பத்தாவதாக ஒரு வரி:
சுருக்கினால் வாசற்படியிலேயே போய் நிற்கும் எண்ணை
நான்காம் இடம் வரை காட்டு.

ஓடவிட்டேன்.
புள்ளிக்குக் கீழே புள்ளியாக இறங்கிய பத்தியில்
0.0504 மட்டும்
ஓர் இலக்கம் வெளியே துருத்திக்கொண்டு,
நட்சத்திரம் இல்லாமல்.
இது மட்டும் ஏன் கோணல் என்பார் போஜன் சார்.
அவருக்கு அடிக்குறிப்பு இருக்கிறது.

கெப்பிக்குச் சொல்லத்தான்
இன்னும் ஒரு வரிகூட வரவில்லை.