பாதைக்கு இந்தப் பக்கம்

மாதக் கூட்டத்தில் சுவரில் மூன்று கோடுகள்.
நாட்டுக்கு நீலம், மாவட்டத்துக்குச் சிவப்பு,
படுவான்கரையில் என் பிரிவுக்குப் பச்சை.
பச்சை தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது.
"உயிரோடு பிறந்தது நாற்பத்தொன்று, சிசு மரணம் சைபர்.
நாட்டுச் சராசரியையே வென்றிட்டீங்க, மிஸ்" என்றார்
புள்ளிவிபரம் பார்க்கும் இல்ஹாம்.
கைதட்டினார்கள்.
ரோல்ஸும் பால்தேத்தண்ணியும் வந்தன.

எனக்கு இறங்கவில்லை.

கார்த்திகை மழை. கடைசிப் பாதை போய்விட்டிருந்தது.
எங்களுக்குப் பாதை என்பது நடக்கிற வழியல்ல,
வாவியில் மிதக்கிற தட்டு.
இரவில் அது அக்கரையில் உறங்கும்.

தவநிதியின் பிள்ளைக்கு ஒன்பது நாள்.
மூச்சிழுக்கையில் விலாவுக்குள் குழி விழுந்தது.
நேசராசா ஓட்டோவைச் சுற்றுவழியில் விட்டான்.
வெள்ளம் அறுத்த இடத்தில் இறங்கித் தள்ளினோம்.
அப்பால் நடுறோட்டில் ஆனை.
அது விலகும்வரை லைற்றை அணைத்துவிட்டு
இருட்டுக்குள் அந்த மூச்சை எண்ணினேன்.
நிமிசத்துக்கு எழுபத்திரண்டு.
எண்ணுவதைத் தவிர
என் கையில் அப்போது வேறொன்றும் இருக்கவில்லை.

விடியப்புறம் நாலேகாலுக்குப் பெரியாஸ்பத்திரியில்
ஒட்சிசன் குழாயோடு முடிந்தது.
செத்த இடம் நகரம், பதிந்த இடமும் நகரம்.
கூடியது அவர்களின் வீதம்.
எங்களுக்குப் பிறப்பில் ஒன்று,
இறப்பில் ஒன்றுமில்லை.

கூட்டம் கலைந்ததும் இல்ஹாமிடம் சொன்னேன்.
கெட்ட மனிதரில்லை, உடனே கல்குலேற்றரைத் தட்டினார்.
"சேர்த்தால் ஆயிரத்துக்கு இருபத்து நாலு தசம் நாலு.
சிவப்பைத் தாண்டி நீலத்தைத் தாண்டி
கோடு தாளை விட்டே வெளியில போயிரும், மிஸ்."
"ஒரு பிள்ளைக்கா?"
"ஒரு பிள்ளைக்குத்தான்."

ஆயிரம் பிள்ளை பிறக்க
என் பிரிவுக்கு இருபத்து நாலு வருசத்துக்கு மேல் வேண்டும்.
அதற்குள் நான் பென்சன் எடுத்துவிடுவேன்.
தசம் நாலு என்பது பிள்ளையில் எந்தப் பகுதி?
தவநிதி மூன்று நாளாய்ப் பாலைப் பிழிந்து
வேலியோரம் ஊற்றினாளே, அதுவா?

படிவத்தில் தாயின் வதிவிடம் என்றொரு கூடு இருக்கிறது.
யாரோ அவசரத்தில் வெறுமையாக விட்டிருந்தார்கள்.
ஊரின் பேரை எழுதிக் கொடுத்தேன்.
இல்ஹாம் பேனையை வாங்கவில்லை, பென்சிலை எடுத்தார்.

பாராட்டுக் கடிதம் கைப்பைக்குள் கிடக்க
கடைசிப் பாதையில் ஏறினேன்.
பதினொரு பேர், இரண்டு மோட்டச்சைக்கிள், கட்டிய ஆடொன்று.
பாதைக்காரர் விரல் நீட்டி ஒவ்வொருவராய் எண்ணினார்.
எண்ணி முடியும்வரை
கயிற்றை அவிழ்க்கவில்லை.